புகுந்தவள்

நான் அந்த ஆற்றங்கரைக்குப் போனது ஒரு டீசல் மெஷினைப் படகில் பொருத்திவிட்டுப் பத்து நாளில் திரும்பி வருவதற்கு. போய்ப் பார்த்தால் படகே முடியவில்லை. பட்டறைச் சரிவில் அடிமரமும் விலாக்கட்டைகளும் மட்டும், தின்று முடித்த மீனின் முள் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றன. அக்கரைக்குப் போய்வர நாற்பது பேர் ஏறும் படகு. மெஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, பட்டறை வீட்டு மாடியில் ஒரு கட்டிலைப் பிடித்தேன். பத்து நாள் நாலு மாதமாயிற்று.

முதல் நாளே ஓர் அசட்டுத்தனம் செய்தேன். வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வழுக்கைத் தலை, நல்ல தொப்பை, இடுப்பில் சமையல் துணி. நீங்கள்தானே முதலாளி என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் இந்த வீட்டுல பொறந்தவன் தம்பி. எனக்கு இங்க என்ன இருக்கு? உள்ள போய்ப் புகுந்தவங்களைக் கேளுங்க."

அந்த ஜனங்களின் வழக்கம் அப்படி. 'பிறந்தவர்க்குச் சோறு, புகுந்தவர்க்குச் சாவி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், அந்த வீட்டுக்கு வாரிசு கிடையாது. பிள்ளைகளில் ஒன்று வீட்டிலேயே இருந்து துணையை அழைத்து வரும். மற்றவை வேறு வீடுகளுக்குப் புகப் போய்விடும். அப்படி உள்ளே வரும் மருமகளுக்கோ மருமகனுக்கோதான் வீடும் தொழிலும். என் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாலு பேர் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். அங்கே அவர்தான் ராஜா. ஏன் இப்படி என்று கேட்டதற்குப் பெரியவர், பிறந்தவனுக்கு வீடு காற்று மாதிரி சும்மா கிடைத்தது, புகுந்தவன் ஒவ்வொரு படியையும் கற்றுக்கொண்டு ஏறுகிறான், அருமை அவனுக்குத்தான் தெரியும் என்றார். சொல்லிவிட்டு, "ஆனா மீன் ஆயறது யாருக்கும் சும்மா வராது" என்று செதிலைச் சுரண்டினார்.

அவர் மனைவிதான் சாவிக்காரி. ஊர் அவரைப் பட்டறையம்மா என்றது. இருபது வயதில் மருமகளாகப் புகுந்து, மாமனாரிடம் தொழில் கற்று, அவர் கையிலிருந்து சாவி வாங்கியவர். பேச்சு குறைவு. பேசினாலும் மரத்தைப் பற்றித்தான் பேசுவார். மூன்று வருடமாக வலது மணிக்கட்டு வீங்கி, சுத்தியலை ஓங்கினால் வலி தோள்வரை ஏறும். அதனால் கண்ணும் வாயும் அவருடையது, கை மருமகளுடையது.

மருமகளுக்கு முப்பது வயதிருக்கும். மேலாற்றில் ஒரு மாவு மில் வீட்டில் பிறந்தவள். இங்கே புகுந்து ஐந்து வருடம். அவளை அழைத்து வந்த புருஷன், இந்த வீட்டின் ஒரே பையன், போன வெள்ளத்தில் போய்விட்டான். மரக்கட்டைத் தெப்பம் ஓட்டிவரும்போது கட்டு அறுந்து, கட்டைகளுக்கு நடுவே விழுந்துவிட்டான். இரண்டாம் நாள் கிடைத்தான். பிள்ளை குட்டி இல்லை. பட்டறையம்மாவின் மகள் ஒருத்தி, வழக்கப்படி தூரத்தில் ஒரு செங்கல் சூளை வீட்டுக்குப் புகப் போய், அங்கே சாவிக்காரியாக இருந்தாள்.

அழைத்தவர் செத்துப்போனால் புகுந்தவருக்கு ஒரு வருடம் தவணை. அதற்குப் பிறகு இரண்டே வழி. உளி சுத்தியலை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே அவளுக்குச் சோறு உண்டு, வேறெதுவும் கிடையாது. இல்லாவிட்டால் மாமியார் ஊரார் முன்னால் அவளைத் தன் தட்டில் சாப்பிட வைத்து மகளாக்கிக்கொள்ளலாம். மகளானால் அவள் இந்த வீட்டில் பிறந்தவள் ஆகிவிடுவாள். பிறந்தவளுக்குச் சாவி ஏது? எந்த வழியில் போனாலும் பட்டறை அவள் கையை விட்டுப் போகும். அடுத்த வரிசையில் இருந்தவர், பெரியவருடைய தம்பி மகளைக் கட்டிக்கொண்டு புகுந்த மரக்கடை மாப்பிள்ளை. உழைப்பாளி, கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படகு கட்டத் தெரியாது. பட்டறைச் சரிவில் கட்டைகளை அடுக்கினால் ஆற்றிலிருந்து நேரே ஏற்றலாம் என்று அவர் அடியால் அளந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

பெரியவருக்கு மருமகளைப் பிரிய மனமில்லை. மகளாக்கிவிடலாம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்துவிட்டு, "இனிமே நீ எனக்கு மருமக இல்லம்மா, மக" என்பார். எந்த ஊரிலும் ஒரு பெண்ணிடம் மாமனார் சொல்லக்கூடிய உயர்ந்த வார்த்தை அதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். பட்டறையம்மா எதுவும் சொல்லமாட்டார். தன் சாவி யாருக்குப் போகிறது என்று சபை பேசி முடிக்கும்வரை சாவிக்காரர் வாய் திறக்கக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம்.

வேலை மட்டும் நிற்கவில்லை. பலகை வளைக்கும் நாளில் நானும் கைகொடுத்தேன். நீளமான தகரப் பெட்டிக்குள் பலகையை வைத்து, கீழே அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு ஆவி ஏற்றுவார்கள். எடுத்த பிறகு கொஞ்ச நேரம்தான் மரம் சொன்ன பேச்சைக் கேட்கும். நாலு பேர் சாக்குத்துணியால் பிடித்து ஓடி வருவோம். மருமகள் முனையை முதல் விலாவில் இறுக்கிவிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போவாள். பட்டறையம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "அடிக்காதே, அணைச்சுக்கிட்டுப் போ" என்பார். பலகை முழுதும் படிந்த பிறகும், நல்லா இருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எழுந்து போய்விடுவார். மருமகள் அதையே பாராட்டாக எடுத்துக்கொள்வாள். குறை இருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பாள்.

பலகைகள் ஏறியதும் இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் வேலை தொடங்கியது. பஞ்சைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கலவையில் தோய்த்து, மழுங்கிய உளியால் இடுக்கில் வைத்து அடிக்க வேண்டும். ஒரு மத்தியானம் அவள் அடிக்க, நான் திரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே மழை கறுத்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் தண்ணீர் ஏறிவிடும், வருடத் தவணையும் அப்போதே முடிகிறது. பெரியவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே, ஒப்புக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அவள் உளியை எடுக்காமலே சொன்னாள்.

"மகள்னு சொல்லி என்னை மடியில வெச்சுக்கறாங்க. மடியில உக்கார்ந்துக்கிட்டு இதை அடிக்க முடியுமா?"

அடித்துக்கொண்டே போனாள்.

சபை கூடியது கயிற்றுக் கொட்டகையில். கயிறு முறுக்குவதற்காகக் கட்டிய நீண்ட தகரக் கொட்டகை. அன்று மழை தகரத்தில் கொட்டி, பேச்சைக் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. நடுவில் பன்னிரண்டு வீட்டுச் சாவிக்காரர்கள். எல்லாரும் புகுந்தவர்கள். பிறந்தவர்கள் சுவரோரம், பெயருக்கு வந்தவர்கள். கேட்டாலொழிய அவர்கள் பேசக் கூடாது. பெரியவர் அங்கே தொப்பைமேல் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியாள் என்பதால் என்னையும் சுவரோரமே உட்கார வைத்தார்கள். சபைத் தலைவி கயிற்று வீட்டம்மா, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு ஏறிய பெண்மணி.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "வருஷம் முடிஞ்சுது. மகளாகுறியா, பொறந்த வீட்டுக்குப் போறியா?" என்றார்.

மருமகள் எழுந்து நின்றாள். "மகளாக மாட்டேங்க."

பெரியவர் முகம் தொங்கிப்போயிற்று. கயிற்று வீட்டம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் மாமனார் அத்தனை ஆசையா கேக்குறார். அதுல என்னம்மா குறை?" என்றார்.

"குறை இல்லைங்க. மாமா எனக்கு அப்பாவுக்கு மேல. ஆனா மகளானா எனக்குச் சோறு மிஞ்சும், உளி மிஞ்சாது. நான் இந்த வீட்டுக்குச் சோத்துக்கு வரலை. மருமகளாவே இருந்துட்டுப் போறேன்."

"மருமகளா இருக்கணும்னா உன்னை அழைச்சவன் இருக்கணுமே."

"புகுற வழக்கத்தை ஒரு தடவை முழுசாச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு நீங்க சொல்றபடி கேக்குறேன்."

அது குழந்தைக்கும் தெரிந்த மூன்று வரி. கயிற்று வீட்டம்மா சலிப்போடு சொன்னார். "வீட்டுல பொறந்தவர் அழைக்கணும். புகுறவர் தானா நடந்து வரணும். சாவிக்காரர் கை நீட்டணும். அவ்வளவுதானே?"

"அழைக்கிறவர் கட்டிக்கணும்னு எங்கேங்க இருக்கு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "என்னை அழைச்சவர் போயிட்டார். ஆனா அந்த வீட்டுல பொறந்தவர் இன்னும் ஒருத்தர் இருக்கார். மாமா அழைக்கட்டும். நான் இன்னொரு தடவை நடந்து வர்றேன்."

ஒருவர் களுக்கென்று சிரிக்க, சிரிப்பு சுவரோரம் பரவியது. பெரியவர் காது சிவந்து, வேட்டி முனையை முறுக்க ஆரம்பித்தார். மரக்கடை மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நியாயமாகவே பேசினார். பெரியவர் ஏற்கெனவே பட்டறையம்மாவை அழைத்தாயிற்று, ஓர் ஆளுக்கு ஓர் அழைப்புத்தானே என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி சுவரோரத்திலிருந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். கயிற்று வீட்டம்மாவே இரண்டாம் தாரம்.

"நான் ரெண்டாவது அழைப்புல வந்தவதான்" என்றார் கயிற்று வீட்டம்மா, ஒன்றும் ஆகாதது போல.

மாப்பிள்ளை விடவில்லை. "அது மூத்தவங்க தவறின பிறகும்மா. இங்க பட்டறையம்மா குத்துக்கல்லாட்டம் உக்கார்ந்திருக்காங்களே. ரெண்டாவது ஆள் வர எங்க இடம் இருக்கு?"

இதற்குப் பதில் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். மருமகள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அத்தை இடத்துக்கு நான் வரலைங்க. காலியாக் கெடக்கிற என் இடத்துக்குத்தான் வர்றேன்."

கயிற்று வீட்டம்மா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பெரியவரை எழுந்திருக்கச் சொன்னார். நாற்பது வருடமாக அந்தக் கொட்டகைக்கு வந்து போகிறார், ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் மகளேன்னு கூப்பிட்டப்போ, இவளைப் பிடிச்சு வெச்சுக்கறதாத்தான் நெனச்சேன்" என்றார். "கதவைச் சாத்திக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியலை. அழைக்கிறேங்க. முறைப்படி போய் அழைக்கிறேன்."

"ஊர் சிரிக்குமே" என்றது யாரோ ஒரு குரல்.

"சிரிக்கட்டும். இத்தனை வருஷமா நான்தானே ஊரைச் சிரிக்க வெச்சுக்கிட்டு இருக்கேன்."

கடைசியாகப் பட்டறையம்மாவின் முறை. அவர் எழுந்திருக்கவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த கயிற்றுச் சுருளைப் பார்த்துப் பேசினார்.

"மகள்ங்கிறவ போறதுக்குப் பொறந்தவ. எனக்கு ஒருத்தி இருக்கா. போனா, நல்லா இருக்கா. எனக்கு வேண்டியது இருக்கிறவ." "நடந்து வரட்டும், கை நீட்டுறேன். சீக்கிரம் வரச் சொல்லுங்க. இடது பக்கம் நாலு பலகைக்கு இன்னும் பஞ்சு அடைக்கலை."

கயிற்று வீட்டம்மா தொடையைத் தட்டி எழுந்தார். அதுதான் தீர்ப்பு.

மருமகள் மறுநாள் காலையே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அழைப்பு வருவதற்கு முன் மூன்று நாளாவது அங்கே இருக்க வேண்டும். முன்கூட்டியே மாமனாரிடம் சொல்லி வைத்திருக்கலாமே என்று அவள் கிளம்பும்போது கரையில் கேட்டேன். "சொல்லியிருந்தா பயத்துல ஜுரம் வந்து படுத்திருப்பார்" என்றாள். அத்தையிடமாவது கேட்டாளா? இல்லை. கை நீட்டுவார் என்று எப்படித் தெரியும் என்றதற்கு, தெரியாது, கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது என்றாள்.

நாலாம் நாள் பெரியவரும் நானும் துடுப்புப் போட்டு மேலாற்றுக்குப் போனோம். மழை விட்டிருந்தது, தண்ணீர் செம்மண் நிறத்தில் எதிர்த்து வந்தது. பெரியவர் வெளுத்த சட்டை போட்டு, இருக்கிற நாலு முடியை எண்ணெய் தடவிப் படிய வைத்திருந்தார். வழியெல்லாம் அழைப்பு வாசகத்தை முணுமுணுத்து, இரண்டு தடவை மறந்தார். மாவு மில் வாசலில் அரை ஊர் கூடியிருந்தது. வழுக்கைத் தலை மாப்பிள்ளை என்ற செய்தி எங்களுக்கு முந்தியே போயிருந்தது.

அந்த வீட்டுச் சாவிக்காரி, மருமகளின் அண்ணி. கை, புருவமெல்லாம் மாவாக வெளியே வந்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு முறையாக யார், எந்த வீடு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். பிறகு அடக்க முடியாமல், "போன தடவை அந்த வீட்டுலேருந்து வந்தவருக்குத் தலை நிறைய முடி இருந்துச்சே" என்றுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பெரியவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அவன் என் பையன்மா. அவன் அழைச்சு உக்கார வெச்ச இடம் வீட்டுல அப்படியே இருக்கு. அதுல வேற யாரையும் பாக்க எனக்கு முடியலை. உங்க வீட்டுப் பொண்ணை அழைக்க வந்திருக்கேன்."

மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போய் மாவை அப்பிக்கொண்டாள். மருமகள் உள்ளேயிருந்து சாக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அண்ணன் எடுத்துக்கொள்ள வந்தான், கொடுக்கவில்லை. புகுகிறவர் தன் சாமானைத் தானே சுமக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லி, ரொட்டியைக் கையிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நீரோட்டத்தோடு வந்ததால் மத்தியானத்துக்குள் கரை சேர்ந்தோம்.

பட்டறை வீட்டின் முன்னால் இருநூறு பேர் இருப்பார்கள். பெரியவர் படகிலிருந்து இறங்கி ஒதுங்கிக்கொண்டார். அவள் சேற்றில் இறங்கி, தனியாகச் சரிவில் ஏறினாள். வாசற்படியில் பட்டறையம்மா நின்றார். நல்ல கை இருக்க, வீங்கிய வலது கையைத்தான் நீட்டினார். அவள் தயங்கி, அதை அடியில் தாங்குகிற மாதிரி பிடித்தாள். பட்டறையம்மா அப்படி விடவில்லை. இறுக்கிப் பிடித்து, ஒரே இழுப்பாக உள்ளே இழுத்தார். வலியில் அவர் கண் நிறைந்துவிட்டது. வலி என்றுதான் பிறகு எங்களிடம் சொன்னார்.

கை நீட்டியதைக் கொண்டாட விருந்து எதுவும் கிடையாது, நேரே வேலைதான். நாலு பலகை பாக்கி. மற்ற வீட்டுச் சாவிக்காரர்களும் உட்கார்ந்து பஞ்சு திரித்தார்கள். கயிற்று வீட்டம்மா திரித்தது மட்டும் இழை பிசகாமல் இருந்தது. மரக்கடை மாப்பிள்ளை ஆறு உருளைக் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே சரிவில் போட ஆரம்பித்தார். மருமகள் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆறு சரிவின் பாதிவரை ஏறிவிட்டது. காலை வெயிலில் குங்கிலியம் பூசிய படகு பழுத்த நிறத்தில் மின்னியது. மெஷினை முந்தின நாளே படகில் இறக்கிப் பொருத்தியிருந்தேன். கயிற்றைப் பிடித்து ஊரே நின்றது, பிறந்தவர் புகுந்தவர் என்று பார்க்காமல். பட்டறையம்மா பெரிய சுத்தியலை மருமகளிடம் கொடுத்தார். அவள் முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தாள். கடைசிக் கட்டை விழுந்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல அசைந்து, உருளைகள்மேல் கடகடவென்று இறங்கி, மூக்கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் மிதந்தது. சத்தம் அக்கரையிலிருந்தும் வந்தது. அங்கேயும் கூட்டம் நின்றிருக்கிறது.

மெஷினோடு படகிலேயே இருந்த என்னைத் தவிர வேறு யாரும் ஏறுவதற்கு முன், மருமகள் மட்டும் ஏறி, அடித்தட்டுக்குள் இறங்கினாள். புதுப்படகு கொஞ்சம் கசியாமல் இருக்காது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இடது பக்கம் நாலு பலகையையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள், மாட்டைத் தடவுவது போல. வெளியே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"காஞ்சு கெடக்கு அத்தை."

பட்டறையம்மா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆனால் இந்தத் தடவை போகவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லாக் கட்டியிருக்கே" என்றார்.

அவள் மேல்தட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் கரையிலிருந்து, மெஷின்காரர் என்ன தூங்குகிறாரா என்று அதட்டிய பிறகுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. கைப்பிடியைச் சுழற்றினேன். இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நாற்பது பேர் ஏறும் படகில் எழுபது பேர் ஏறினார்கள். இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சுக்கான் மருமகளிடம். மாமியார் பக்கத்தில், வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு. பெரியவர் படகின் மூக்கருகே நின்று, அக்கரையில் இருந்த முன்பின் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் கையை ஆட்டினார்.

"பட்டறைக்காரி வர்றா, வழி விடுங்க" என்று கத்தினார். "நான் அழைச்சு வந்தவ."